மறுமுனையில் ஓடிய ரம்பம்

சத்தியம் செய் என்றால் செய்வேன். யார் தலைமேல் அடித்துச் செய்வது என்றுதான் தெரியவில்லை. அந்த ஜனவரிக்குப் பிறகு எனக்கென்று யாரும் மிச்சமில்லை.

ஆகவே நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் காது மந்தம், குடித்திருப்பான், பயத்தில் உளறுகிறான் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சத்தத்தை நான் மட்டும் கேட்கவில்லை.

என் பெயர் ஸ்தூரே. தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலாந்துக் காடுகளில் மரம் வெட்டிப் பிழைப்பவன்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஆரம்பித்த புயல் ராத்திரி முழுக்க அடித்தது. படுக்கையில் கிடந்தபடி காடு முறிவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சடசட... தொம். சடசட... தொம். ஞாயிறு விடிந்தபோது மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஐம்பது வருடமாக நான் பார்த்த காடும் இல்லை. கொட்டிய தீக்குச்சிகள் போல மரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது தங்கை மாய்கென்.

அவளும் அவள் கணவன் வால்டரும் காட்டுக்குள் தனியாக இருந்தார்கள். தார்ச்சாலையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை. வீட்டுக்குப் பின்னால் ஏரி. மாய்கெனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை நகர மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு தவணை தவறினால் முகம் வீங்கும். இரண்டு தவறினால் மூச்சு இரைக்கும். மூன்றாவதைப் பற்றி டாக்டர் எங்களிடம் பேசியதே இல்லை.

அவள் கடைசியாகப் போய்வந்தது வெள்ளிக்கிழமை.

காலையிலேயே கிளம்பினேன். விழுந்த மரங்களின் மேல் ஏறி, அடியில் நுழைந்து, ஊர்ந்து பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் நூறு மீட்டர்கூடப் போக முடியவில்லை. ஓர் இடுக்கில் விழுந்து விலாவில் அடி. திரும்பிவிட்டேன். ஏரி வழியாகவும் முடியாது. மேலே மெல்லிய பனிக்கட்டி. ஆளையும் தாங்காது, படகையும் விடாது.

தார்ச்சாலையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் அது கேட்டது.

வ்ர்ர்ர்ர்ர்...

தூரத்தில். மாய்கென் வீட்டுப் பக்கம்.

செயின் ரம்பம்! வால்டர் அந்தப் பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் பிழைத்திருக்கிறான். அப்படியென்றால் அவளும் பிழைத்திருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பாதையை இரண்டு முனைகளிலிருந்து வெட்டினால், காபி நேரத்தில் ரம்பத்தை இரண்டு முறை உறுமவிட வேண்டும். வ்ரூம்... வ்ரூம். நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். எதிர்முனை அதேபோல் பதில் சொல்லும். பதில் வராவிட்டால் ரம்பத்தைப் போட்டுவிட்டு, எப்படியாவது அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும்.

பதில் வந்துவிட்டால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. வெட்டிக்கொண்டே இருப்பார்கள்.

என்னிடம் இருந்தது சின்ன ரம்பம். கிளை கழிக்க, விறகு அறுக்கத்தான் லாயக்கு. புயல் சாய்த்த மரங்களோ கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன். ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கெர்டாவிடம் போனேன். கெர்டா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். ரம்பம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். ஜெனரேட்டர் வெளிச்சத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலில் இருபது ஆண்கள், இருபது ரம்பங்கள்.

விஷயத்தைச் சொன்னதும் என்னை முன்னால் கூப்பிட்டாள். ரம்பத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"இதை வெச்சு என்னடா பண்ணப்போற? பொறந்தநாள் கேக் வெட்டறதுக்கா?"

"இருக்கறது இதுதான் கெர்டா."

"கடைசியா எப்ப ஏர் ஃபில்டரைக் கழட்டினே? உன் கல்யாணத்துக்கு முன்னாடியா?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

"அதான் கேக்கறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வாரத்தில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

பேசிக்கொண்டே வேலையை முடித்தாள். செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைதான் பார். பதின்மூன்று அங்குல பாரைக் கழற்றிவிட்டுப் பதினெட்டு அங்குல பாரை மாட்டினாள். அதற்கேற்ற புதுச் செயின், அதை இழுக்கும் புதுப் பல்சக்கரம், புது பிளக். நீளமான பாருக்கு எண்ணெய் அதிகம் வேண்டும் என்று பம்பின் திருகைத் திறந்துவிட்டாள். கார்புரேட்டரில் பனி கட்டாமலிருக்கக் குளிர்கால மூடியைத் திருப்பிப் போட்டாள். செயின் பிரேக்கை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

"உன் மெஷினுக்குப் பதினெட்டு அதிகம்தான். பல்லு கூரா இருக்கற வரைக்கும் இழுக்கும். மழுங்கினா நின்னுடும். அதனால டாங்குக்கு ஒரு தடவை அரம் போடு. முன்னால மட்டும் தள்ளு, பின்னால இழுக்காதே. செதில் செதிலா விழுந்தா பல்லு நல்லா இருக்கு. மாவா விழுந்தா நிறுத்திடு."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தனியாவா வெட்டப்போற?"

"எல்லாரும் அவங்கவங்க பாதையை வெட்டறாங்க. அந்தப் பக்கம் வால்டர் இருக்கான்."

தீயணைப்பு நிலையத்திலும் மாய்கென் பெயரைக் கொடுத்தேன். ராணுவத்தின் கனரக வண்டி ஒன்று வருகிறதாம். புதன்கிழமை காலை முதல் பெயராக அவளுடையதை வைக்கிறோம் என்றார்கள்.

திங்கள் விடிந்ததும் ஆரம்பித்தேன்.

புயல் சாய்த்த மரத்தை அறுப்பதும் நிற்கும் மரத்தை வெட்டுவதும் ஒன்றல்ல. மரம் சாயும்போது வேரும் மண்ணும் கல்லும் பெயர்ந்து, இரண்டு ஆள் உயரச் சுவர் போல நிமிர்ந்து நிற்கும். அடிமரத்தை அறுத்துத் துண்டித்தால் போதும். பிடி விட்டதும் அந்தச் சுவர் பின்னால் சாய்ந்து, தான் பெயர்ந்த குழியிலேயே போய் விழும். பாத்திரத்தை மூடி மூடுவது போல. தொம்! காலடியில் பூமி அதிரும். அதனால் அறுப்பதற்கு முன் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பின்னால யாராவது இருக்கீங்களா?" என்று கத்துவோம். தனியாக இருந்தாலும் கத்துவோம்.

புது பார் வெண்ணெயில் போவது போலப் போனது. செதில்கள் முழங்கால் வரை குவிந்தன. பத்து மணிக்கு நிறுத்தி, தெர்மாஸைத் திறந்தேன். ரம்பத்தை இரண்டு முறை உறுமவிட்டேன்.

வ்ரூம்... வ்ரூம்.

உடனே பதில் வந்தது.

வ்ரூம்... வ்ரூம்.

"நல்லா இருடா மச்சான்!" என்று காட்டைப் பார்த்துக் கத்தினேன். காபியும் பன்னும் அன்று ருசித்தன. அன்று மாய்கென் போயிருக்க வேண்டிய நாள். பரவாயில்லை, ஒரு தவணைதானே என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றரைக்கு இருட்டிவிட்டது. எங்கள் ஜனவரி அப்படித்தான். இருட்டில் சாய்ந்த மரத்தை அறுப்பது தற்கொலை. நிறுத்திவிட்டு வண்டியில் ஏறினேன்.

அந்தப் பக்கம் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

பொண்டாட்டிக்காக உயிரைக் கொடுத்து வெட்டுகிறான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கெர்டா வந்தாள். கடையைப் பூட்டிவிட்டு, தீட்டிய செயின் இரண்டோடு வெட்டிய பாதையில் நடந்தே வந்தாள். முகத்தில் நல்ல சேதியின் களை இருந்தது.

"தீயணைப்புக்காரங்க கடைக்கு வந்தாங்க. மாய்கென் வீட்டுப் பக்கம் ஆள் இருக்கான்னு கேட்டாங்க. இருக்கான், ரம்பச் சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது, ரெண்டு பக்கமும் வெட்டறாங்க, நாளைக்குள்ள பாதை தொறந்துடும்னு சொன்னேன்."

"வண்டி?"

"அப்ப சரி, வெட்ட ஆளே இல்லாத வீட்டுக்கு வண்டியை முதல்ல அனுப்பறோம்னு போயிட்டாங்க. நீயே முடிச்சிடுவேல்ல?"

முடித்துவிடுவேன் என்றுதான் நானும் சொன்னேன். அவளுக்குக் காபி ஊற்றினேன். இருவரும் ஓர் அடிமரத்தில் உட்கார்ந்தோம். மறுமுனையின் சத்தம் இப்போது பக்கத்தில் வந்திருந்தது. கெர்டா தலையைச் சாய்த்துக் கேட்டாள். எந்த ரம்பத்துக்கு என்ன நோய் என்று ஓசையிலேயே சொல்லிவிடுகிறவள் அவள்.

"எவ்வளவு நேரமா ஓடுது?"

"காலைலேருந்து."

"நடுவுல நிக்கலையா?"

யோசித்தேன். எனக்குக் குளிர்ந்தது.

ஒரு டாங்க் பெட்ரோல் முக்கால் மணி நேரம் வரும். அதன் பிறகு நிறுத்தியாக வேண்டும். பெட்ரோல் ஊற்ற வேண்டும், எண்ணெய் ஊற்ற வேண்டும், பல்லுக்கு அரம் போட வேண்டும். நான் காலையிலிருந்து ஐந்தாறு முறை நிறுத்தியிருந்தேன். ஒவ்வொரு முறையும், நான் அரம் போடும் நேரம் முழுக்க, அந்தப் பக்கம்...

வ்ர்ர்ர்ர்ர்...

"நிக்கலை," என்றேன்.

கெர்டாவின் கோப்பையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு ரம்பம் வெச்சிருப்பானோ?" என்றேன்.

"ரெண்டு கைதானே இருக்கு."

எழுந்துகொண்டாள். காபியைக் குடிக்காமலே போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

அன்று ராத்திரி பனி பெய்தது. விரற்கடை உயரத்துக்கு, வெள்ளையாக, எல்லாவற்றின் மேலும்.

புதன்கிழமை.

இரண்டாவது தவணையும் தவறிய நாள். வெறி பிடித்தவன் போல வெட்டினேன். விலா வலித்தது. கை மரத்தது. பத்து மணிக்கு உறுமவிட்டேன். பதில் வந்தது. நான் விரலை எடுப்பதற்குள் வந்தது.

அதன்பிறகு என் காது அந்தப் பக்கமே போயிற்று. வேலையினூடே கேட்டேன்.

என் பக்கம் ஒவ்வொரு மரத்தை அறுத்ததும் வேர்ச்சுவர் குழியில் விழுந்தது. தொம். அடுத்த மரம். தொம்.

அந்தப் பக்கம் தொம் இல்லை.

மூன்று நாளாக ஒரு தொம்கூட இல்லை. மரம் உருளும் சத்தம் இல்லை. கிளை முறியும் சத்தம் இல்லை. ரம்பம் மட்டும்.

காற்று அங்கிருந்துதான் என் முகத்தில் அடித்தது. எங்கே ரம்பம் ஓடினாலும் புகை நாற்றம் வரும். அறுத்த பிசின் வாசம் வரும்.

எதுவும் வரவில்லை. குளிர் மட்டும் வந்தது.

மணி மூன்று. வெளிச்சம் மங்கியது. சத்தம் ஐம்பது மீட்டரில்.

முப்பது மீட்டரில்.

"வால்டர்!"

வ்ர்ர்ர்ர்ர்...

"மச்சான்! நான்தான்!"

மூன்று நாற்பது. தலைவிளக்கைப் போட்டேன். குறுக்கே ஒரே ஒரு பெரிய மரம். அதற்கு அந்தப் பக்கம்தான் அவன். ஓடும் செயினின் அதிர்வு மரத்தின் வழியே என் கையுறையில் தெரிந்தது.

பாரை வைத்தேன். அறுத்தேன்.

பாதி மரம் தாண்டியதும் என் பார் இலேசானது. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ அதே கோட்டில் அறுத்து வந்தது போல...

மரம் இரண்டாகப் பிளந்து உருண்டது.

அந்தச் சத்தம் நின்றது.

என் ரம்பத்தையும் அணைத்தேன்.

யாரும் இல்லை.

விளக்கு வெளிச்சத்தில் பாதை தெரிந்தது. திறந்த பாதை. இரண்டு பக்கமும் அறுபட்ட மரங்கள். நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். வீடு வரைக்கும்.

தரையில் நேற்று ராத்திரிப் பனி.

அதில் ஒரு காலடித்தடம்கூட இல்லை.

ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மெழுகுவத்தி எரிந்தது. நாற்காலியில் போர்வைக்குள் மாய்கென். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது.

"வந்துட்டியாண்ணே."

"வந்துட்டேன்மா. வால்டர் எங்கே?"

"உன்கூட இல்லையா?"

அவள் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல போனாரு. காபியை அரைகுறையாக் குடிச்சிட்டு. பத்து மணிக்கு வந்துடறேன்னாரு... வரவே இல்லைண்ணே."

"நாலு நாளாவா?"

"எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனா சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சே. சத்தம் இருந்தா ஆள் இருக்காருன்னுதானே..."

"ராத்திரி நிறுத்தினானா?"

"ராத்திரியும்தான் ஓடுச்சு."

என் வண்டியைக் கொண்டுவந்து அவளைப் படுக்கவைத்தேன். திறந்த பாதையில் மெதுவாகப் போனோம். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் கையை உயர்த்தி இலேசாக அசைத்தாள்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர், கெர்டா, நான். தேட அதிக நேரம் ஆகவில்லை. வீட்டு வாசலுக்கு எதிரே பாதையில் விழுந்திருந்த முதல் மரம். அறுபட்டிருந்தது. அதன் வேர்ச்சுவர் குழியில் கச்சிதமாக மூடிக் கிடந்தது. ஓரத்தில் ஒரு கையுறையின் விரல்கள் தெரிந்தன.

இயந்திரம் வைத்துத் தூக்கினார்கள்.

நடந்தது சுலபமாகப் புரிந்தது. மரத்தை அறுத்திருக்கிறான். சுவர் உடனே விழவில்லை. சில சமயம் விழாது. ஒன்றிரண்டு வேர் பிடித்துக்கொண்டு நிற்கும். அன்று காற்று ஊசியாகக் குத்தியது. செயினை மாற்றக் காற்றுக்கு ஒதுக்கமாக ஓர் இடம் வேண்டும். சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறான். கூடாது என்று தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒருநாள் உட்கார்ந்திருக்கிறோம்.

ரம்பம் அவன் மடியில் நசுங்கிக் கிடந்தது. பாரில் செயின் இல்லை. கழற்றியது அவன் கையில் இருந்தது.

இறந்தது ஞாயிறு முற்பகல் என்றார் டாக்டர். குடித்த காபி செரிக்கக்கூட இல்லையாம்.

தார்ச்சாலையில் உட்கார்ந்து நான் முதலில் கேட்டேனே, அந்தச் சத்தம் ஒன்று வேண்டுமானால் அவனுடையதாக இருக்கலாம். மற்றதெல்லாம்?

முதல் மரத்தோடு அவன் கதை முடிந்துவிட்டது. அங்கிருந்து நான் வந்து சேர்ந்த இடம் வரை அரைக் கிலோமீட்டர் பாதையை வெட்டியது யார்?

கெர்டா பாதை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பூட்ஸ் நுனியால் பனியை ஒதுக்கினாள். நாலடி தள்ளிப்போய் மறுபடி ஒதுக்கினாள்.

"ஸ்தூரே. இங்க வா."

"என்ன?"

"தூள் எங்கே?"

பார்த்தேன். என் பக்கம் செதில்கள் மேடு மேடாகக் கிடந்தன. இங்கே வெறும் மண். மரங்களின் அறுபட்ட முகங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அடியில் ஒரு சிட்டிகைத் தூள்கூட இல்லை.

"காத்துல பறந்திருக்கும்," என்றார் ஒரு தீயணைப்புக்காரர்.

"ஸ்தூரே பக்கத்துக் காத்து மட்டும் லீவா?" என்றாள் கெர்டா. பிறகு உட்கார்ந்து அழுதாள். "ஆள் இருக்கான்னு நான்தானேடா சொன்னேன்..."

நானும் அவள் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தேன்.

மாய்கென் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தும் பலனில்லை. புதன் ராத்திரியே ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். வியாழனும் செய்தார்கள். ஆனால் இதயம் தளர்ந்துவிட்டது, அரை நாள் முன்னால் வந்திருந்தால்கூடக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். புதன்கிழமை காலை வரவிருந்த வண்டியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

வால்டர் போய்விட்டான் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"தெரியும்ணே," என்றாள். "பாதையைப் பார்த்தேனே."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஸ்பூனைத் தள்ளிவிட்டாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. பாவம், எவ்வளவு வெட்டியிருக்கே."

போனேன். வால்டரின் அடக்கத்துக்குப் பாதிரியாரைப் பார்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை மாற்றியிருந்தார்கள். இரவுப் பணி நர்ஸ் ஒரு சின்னப் பெண். வேற்றூர்க்காரி. எங்கள் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. மாய்கெனின் பையை என் கையில் கொடுத்தாள்.

"அஞ்சு பத்துக்குப் போயிட்டாங்க சார். கஷ்டப்படலை. சிரிச்ச மாதிரிதான் இருந்தாங்க."

தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். அவள் என் ஆரஞ்சு நிற வேலைக் காற்சட்டையைக் கவனித்திருக்க வேண்டும். பின்னாலேயே வந்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மரம் வெட்டறவர்தானே?"

"ஆமாம்."

"உங்க ஆளுங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்க சார். ஆஸ்பத்திரி பக்கத்துல ராத்திரியில ரம்பம் ஓட்டலாமா? ஒரு நோயாளியும் தூங்கலை. முதல்ல எங்கேயோ தூரத்துலதான் கேட்டுச்சு. விடிய விடியக் கிட்ட வந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசியில இந்த வராந்தாவுலயே ஓடற மாதிரி... நல்லவேளை, அஞ்சு பத்துக்கு நின்னுடுச்சு."

நான் ஜன்னலருகே போனேன்.

நாங்கள் நின்றது நான்காவது மாடி. கீழே கார்கள் நிறுத்தும் இடம். அதைத் தாண்டிச் சாலை. சாலையைத் தாண்டிக் கட்டடங்கள்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரம்கூட இல்லை.